கதை கேட்கிற ஊர்

எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர் எவர் வந்தாலும் காரணம் கேட்க வேண்டியதில்லை. அண்ணாமலையார் கோயில், கிரிவலம், ரமணாசிரமம் என்று மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கும் இளைஞர்கள் ஆட்டோக்காரரிடம், "பவா வீட்டுக்குப் போகணும்ண்ணா" என்கிறார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுக்கிறார். இலக்கியத்துக்காக வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் வழி தெரிகிறது என்பது சாதாரண மாற்றமில்லை.

நான் வளர்ந்த திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தின் ஓர் ஊர். தீபத்துக்கு நிரம்பி வழியும், மற்ற நாளில் சந்தைக்கும் கோர்ட்டுக்கும் வந்தவர்களோடு அடங்கிவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவுகளில்கூட ஆசுவாசமாக நடக்கலாம். எழுத்தாளர் என்றால் எங்களுக்கு வாரப் பத்திரிகையில் அச்சான ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பார்க்கவோ, அவர் எழுதிய புதுப் புத்தகத்தை வாங்கவோ மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். 1989இல் ஊர் மாவட்டத் தலைநகரானது. 2024இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் லாட்ஜுகளும் கல்யாண மண்டபங்களும் பெருகின. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் அரசாணையோ முதலீடோ இருந்தது. இலக்கியம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததற்குப் பின்னால் இருந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியது ஒரு கணவன் மனைவியை: பவா செல்லதுரை, கே.வி. ஷைலஜா.

பவா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். 1975இல் மதுரையில் தொடங்கிய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கிளை இங்கே உயிரோடு இயங்கியதற்கு அவரும் அவருடைய தோழர்களும் காரணம். டிசம்பர் 31 இரவில் அவர்கள் நடத்திய கலை இலக்கிய இரவுகளில் பறை அதிரும், நாடகம் நடக்கும், பாட்டும் பேச்சும் விடியும்வரை நீளும். போர்வையைச் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். பக்கத்தில் வயலிலிருந்து நேரே வந்தவர் இருப்பார், அந்தப் பக்கம் கல்லூரிப் பேராசிரியர் இருப்பார். புத்தகம் படித்தவர்களுக்கு மட்டுமானது இலக்கியம் என்ற எண்ணம் அந்தத் தரையில்தான் எனக்குக் கலைந்தது. பிறகு 'முற்றம்' என்ற இலக்கியச் சந்திப்பு வந்தது. பத்திரிகையில் பெயராக மட்டும் இருந்தவர்கள் எங்கள் எதிரில் உட்கார்ந்து பேசினார்கள்.

வருகிறவர்கள் சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும். அதற்குச் சாரோன் பகுதியில் இருந்த அவர்கள் வீடு திறந்தே இருந்தது. '19 டி.எம். சாரோனிலிருந்து' என்று பவா தன் புத்தகத்துக்கே தலைப்பாக வைத்த முகவரி அது. விருந்தோம்பலைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் வாசலில் நிற்பவரைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வீட்டின் பாரத்தில் பெரும்பங்கை ஷைலஜா தாங்கினார் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு தப்பு. அதற்கு நடுவில்தான் அவர் மொழிபெயர்ப்பாளராகவும் பதிப்பாளராகவும் வளர்ந்தார்.

மலையாளக் கவிஞர் பாலசந்திரன் சுள்ளிக்காடின் 'சிதம்பர நினைவுகள்' ஷைலஜா வழியாகத்தான் தமிழுக்கு வந்தது. பசி தாங்காமல் ஓர் ஓண நாளில் தெரியாத வீட்டில் சோறு கேட்டு உட்கார்ந்த கவிஞனை, அந்த வீட்டுப் பெண் அடையாளம் கண்டுகொள்ளும் பகுதியைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். எத்தனையோ பேருக்கு இலை போட்ட கை அதை மொழிபெயர்த்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மம்முட்டியின் 'மூன்றாம் பிறை', கல்பற்றா நாராயணனின் 'சுமித்ரா', கே.ஆர். மீராவின் 'சூர்ப்பனகை' என்று அந்த வரிசை நீண்டது. மகன் பெயரில் தொடங்கிய வம்சி பதிப்பகம் ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பை வெளியிட்டது. ஷைலஜாவின் அக்கா கே.வி. ஜெயஸ்ரீ மொழிபெயர்த்த 'நிலம் பூத்து மலர்ந்த நாள்' 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றது. அதுவும் வம்சி வெளியீடு. அன்று புத்தகம் வாங்க மெட்ராஸ் போன ஊரிலிருந்து இன்று புத்தகங்கள் சென்னைக்குப் போகின்றன.

பவா எழுதியது குறைவு. ஆனால் 'ஏழுமலை ஜமா' கதை ஒன்று போதும். எங்கள் பக்கத்துக் கூத்து ஜமாக்களில் ஆடியவர்கள், காட்டை நம்பிய இருளர்கள், கிணறு வெட்டியவர்கள் எல்லாரும் கோயில் நகரத்தின் படங்களில் இடம்பெறாத திருவண்ணாமலைக்காரர்கள். அவர்களுக்கு அவர் கதையில் இடம் கொடுத்தார். பிறகு மற்றவர்களின் கதைகளை வாயால் சொல்லத் தொடங்கினார். கையில் தாள் கிடையாது, நாடகக் குரல் கிடையாது. திண்ணையில் பேசுகிற அதே குரல்தான். அதைக் கேட்டுவிட்டுப் புத்தகம் தேடிப் போனவர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். 'ஜோக்கர்', 'பேரன்பு' படங்கள் அவர் முகத்தை இன்னும் பலருக்குக் காட்டின.

இவ்வளவு செய்தவர்களுக்கு ஊர் என்ன செய்யும்? மேடைபோட்டு, பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுக்கும். அதில் குற்றமில்லை, ஆனால் போதாது. அவர்கள் தந்தது ஒரு பழக்கம். முன்பின் தெரியாதவரை உட்காரவைத்து, சோறு போட்டு, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற பழக்கம். அதை இரண்டு பேருடைய வீட்டிலேயே விட்டுவைத்து, அவர்களுடைய தெம்பை நம்பி நாம் சும்மா இருப்பது நியாயமில்லை.

மாநகராட்சியான பிறகு வரியும் வார்டும் கூடும். அதோடு ஒவ்வொரு பகுதியிலும் மாதம் ஒரு மாலை, நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ பிள்ளைகளை உட்காரவைத்து யாராவது ஒரு கதை சொல்லட்டும். செலவு ஒரு ஜமுக்காளம், கொஞ்சம் டீ. வேலூர் ரோட்டில் இருக்கிற பிள்ளைக்கும் தண்டராம்பட்டு ரோட்டில் இருக்கிற பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் இந்த ஊர் எழுதியதும் மொழிபெயர்த்ததும் பதிப்பித்ததும் ஒரே அலமாரியில் நிற்க வேண்டும். பவாவும் ஷைலஜாவும் வந்து பார்க்கிற காலத்திலேயே இதையெல்லாம் தொடங்கிவிட வேண்டும். நாம் செய்யக்கூடிய மரியாதைகளில் அவர்கள் வேலையைத் தொடர்வதைவிடப் பெரியது வேறில்லை.