மேலே காண்க, கீழே காண்க

உடப்புசல்லாவைப் பக்கத்து லயங்களில் பல காம்பிராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் ஆபீசில் இறங்கும். யாரோ கொழுந்து மடுவத்தில் சேதி சொல்வார். நேர்முகத் தேர்வு முடிந்த மறுநாள் அழைப்பு கைக்குக் கிடைக்கும்.

முகவரி இல்லாத இந்த ஏற்பாட்டை நாம் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. 2007இல் லினக்ஸ் 2.6.20உடன் வந்தது கேவிஎம் என்னும் மெய்நிகர் இயந்திர மென்பொருள். அதன் இடைமுக ஆவணத்தில் கட்டளைகளுக்கான நான்காம் அத்தியாயம் மட்டும் நூறு உட்பிரிவுகளைத் தாண்டுகிறது. முதல் கட்டளையில் கறார் அதிகம்: பதிப்பு எண் 12 என்று வராவிட்டால் நிரல் ஓடவே கூடாதாம். ஆனால் இத்தனை நீள ஆவணத்தில் ‘மேலே காண்க’ என்று எழுதிவிட்டால், எவ்வளவு மேலே? நானுஓயாவா, பீதுருதலாகலை உச்சியா?

மருந்து எளிது. தலைப்புக்கு மேல் ஓர் அடையாளப் பெயர். சுட்டும் இடத்தில் அதே பெயர். இடையில் எத்தனை பிரிவு நுழைந்தாலும் இணைப்பு அறாது. பெயர் தவறினால், ஆவணத்தைத் தொகுக்கும் ஸ்பிங்ஸ் கருவியே எச்சரிக்கும்.

ஆவணத்தின் பத்திக்கு முகவரி கொடுக்க ஒரு வரி போதும். காம்பிராவுக்குக் கொடுக்கத்தான் இரு நூற்றாண்டு போதவில்லை.