பேர் வெட்ட இடமில்லை

"பட்ஜெட் எவ்வளவு சார்?"

போன சனிக்கிழமை மதுரையில் ஒரு பெரிய கடையில் விற்பனைப் பையன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. யாருக்கு என்று கேட்கவில்லை, என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. தொகையைச் சொன்னேன். துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது அவன் முகம். "அப்ப கிஃப்ட் கார்டு போட்டுருங்க சார். அவங்களே பிடிச்சதை வாங்கிக்குவாங்க" என்றான். அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்குள் செலவழிக்காவிட்டால் செல்லாதாம். என் சட்டைப் பையிலிருக்கும் ஐந்நூறு ரூபாய் நோட்டு அடுத்த வருஷமும் செல்லும். அதைக் கொடுத்து நான் வாங்கும் அட்டை செத்துப்போகும். (ஐந்நூறு ரூபாய் நோட்டும் 2016-இல் ஒருநாள் ராத்திரி செத்துத்தான் போனது. அதை இப்போது கிளறவேண்டாம்.)

முப்பதாவது பிறந்தநாள் வரும் பேத்திக்கு என்ன வாங்கித் தரலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன்.

மூத்த மகனின் பெண். பெங்களூரில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கடைசித் தகவலை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, பிரச்சினை அங்கேதான் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். நம் ஊரில் அன்பளிப்பு என்று விற்கிற அத்தனை சாமானும் கல்யாணத்தைக் குறிவைத்துச் செய்தவை. பட்டுப்புடவை எடுத்தால், "என்ன தாத்தா, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்பாள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வாங்கினால் அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். வெள்ளிக் குங்குமச் சிமிழ் என்றால் கேட்கவே வேண்டாம், வீட்டில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். தாத்தா எதைக் கொடுத்தாலும் அது ஜாடையாகத்தான் போய்ச் சேரும். ஜாடை இல்லாமல் இருக்கட்டும் என்று போன தீபாவளிக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக் கொடுத்தோம். அது அவள் ஜன்னலில் தொங்குகிறது. நல்ல காற்று வருகிறதாம்.

சம்பிரதாயமும் கைகொடுக்கவில்லை. ஒரு வயதானால் மொட்டை, காதுகுத்து, தாய்மாமன் மடி. யார் என்ன செய்யவேண்டும் என்பதில் சந்தேகமே வராது. பெண்பிள்ளை என்றால் நடுவில் ஒரு மஞ்சள் நீராட்டு. அதைப் பற்றி என் பேத்தியிடம் வாயைத் திறக்கும் தைரியம் எனக்கில்லை. அப்புறம் கல்யாணம், மேலே சொன்னேன். அதற்குப் பிறகு நேரே அறுபதுக்குத் தாவிவிடுகிறார்கள். அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். திருக்கடையூர் போனால் மாலையும் கழுத்துமாகக் கிழவன் கிழவிகள் வரிசையில் நிற்கிறார்கள். அறுபதுக்காவது ஒரு நியாயம் உண்டு. பிரபவ தொடங்கி அட்சய வரை சுற்றி, பிறந்த வருஷத்தின் பேர் திரும்பி வருகிறது. முப்பதில் திரும்பி வருகிறவர் சனி பகவான் ஒருவர்தான். அவர் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. அதற்குப் பரிசு கொடுப்பதா, எள்ளு விளக்கு ஏற்றுவதா?

எங்கள் காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. யாருக்கு என்ன நடந்தாலும் எவர்சில்வர். அளவு மட்டும் மாறும். பள்ளிக்கூடத்துக்கு டிபன் பாக்ஸ், பரீட்சை பாஸானால் தட்டு, கல்யாணத்துக்குக் குடம், வீடு கட்டினால் அண்டா. பாத்திரம் எப்படியிருந்தால் என்ன, முக்கியம் அதில் வெட்டும் பேர். புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் (எல்லாரும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள்) எடை போட்டு, பில் போட்டு, காசை எண்ணிக் கல்லாவில் போட்டபிறகு கடைக்காரர் கேட்பாரே, அதுதான் கேள்வி: "பேர் என்னன்னு வெட்டணும்ணே?"

ஓரமாக ஒரு ஸ்டூலில் பேர் வெட்டுகிறவர் இருப்பார். ஆரம்பத்தில் உளியும் சுத்தியலும், புள்ளி புள்ளியாக எழுத்து. பிறகு கரண்டு மெஷின் வந்தது. அந்தச் சத்தத்தில் நம் கடைவாய்ப் பல் கூசும், ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தாகவேண்டும். இல்லாவிட்டால் இனிஷியல் மாறிவிடும், கொடுத்த புண்ணியம் வேறொருவன் கணக்கில் ஏறிவிடும். மதுரையில் அதிகம் பிரசுரமான எழுத்தாளர் யார் என்று கேட்டால் நான் அந்த ஸ்டூல்காரரைத்தான் சொல்வேன். அவர் எழுத்து இல்லாத வீடு இந்த ஊரில் கிடையாது.

எங்கே வெட்டுவது என்பதில் ஆளின் குணம் தெரிந்துவிடும். குடத்தின் கழுத்தில் வெட்டுகிறவர் சாதாரண மனிதர். அடியில் வெட்டச் சொல்கிறவரை நம்பக்கூடாது. தன்னடக்கம் என்று பேர் பண்ணிக்கொண்டு, குடத்தைக் கவிழ்க்கும்போதெல்லாம் ஞாபகத்துக்கு வருவார். என் பெரிய மாமா இவர்கள் எல்லாரையும் தாண்டியவர். தட்டுக்கு நடுவில் வெட்டச் சொல்வார். ரசம் சாதம் குறையக் குறைய அவர் பேர் மேலே வரும். மோர் ஊற்றி மறைத்துப் பார்த்திருக்கிறேன், மோருக்குள்ளிருந்தும் தெரிவார். டம்ளர் கொடுப்பவர்களுக்கு வேறு கஷ்டம். காபி டம்ளரின் சுற்றளவு நம் ஊர்ப் பேர்களுக்குப் போதாது. மீனாட்சிசுந்தரம் என்று பேர் வைத்துக்கொண்டவர்கள் டம்ளர் பக்கமே போகக்கூடாது. பேர் ஒரு சுற்று சுற்றி வந்து வால் தலையை முட்டும். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் 'ரம் மீனா' என்றுதான் படிக்கமுடியும். அந்த டம்ளரில் எத்தனை குடும்பங்கள் பால் காய்ச்சிக் குடித்தனவோ.

கொடுத்தவர் வீட்டுக்கு வந்தால் அவர் பாத்திரத்தில் அவருக்குப் பரிமாறவேண்டும். இது சட்டம். என் மனைவி இன்றைக்கும், யாரோ வருகிறார்கள் என்று போன் வந்தால் முதலில் பரணைத்தான் பார்ப்பாள். கொழுந்தனார் வந்தபோது சம்பந்தியின் பேர் வெட்டிய தட்டைப் போட்டு, அதனால் வந்த மனஸ்தாபம் ஒரு கிரகப்பிரவேசம் வரைக்கும் நீண்டது. பாகப்பிரிவினையில் நிலத்துக்குப் பத்திரம் இருக்கும், பாத்திரத்துக்குப் பேர் இருக்கும். இரண்டாவதுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். வந்த பாத்திரத்தைத் தள்ளிவிட நினைப்பவர்கள் பழைய பேரை ராவிவிட்டுத் தங்கள் பேரை மேலே வெட்டுவார்கள். 1979-இல் நான் ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்த தூக்குவாளி பல வீடு சுற்றி, வேறொருவர் பேரில், என் மகன் கல்யாணத்துக்கே வந்தது. கட்டைவிரலால் தடவினால் இப்போதும் என் இனிஷியல் நெருடுகிறது.

இது எவர்சில்வரோடு வந்த பழக்கமும் இல்லை. கீழடி மதுரைக்குப் பக்கம்தானே, போய்ப் பாருங்கள். மண்பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆதன், குவிரன் என்று பேர் கீறியிருக்கிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரைக்கும் போகிறது என்று மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. பேர் கீறிய ஓடு கிடைத்தால் அது பானைக்குச் சொந்தக்காரர் பேராக இருக்கும் என்பது அறிஞர்கள் கருத்து. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சொந்தக்காரனுக்கு எதற்குப் பேர்? பானை அவன் அடுப்பில்தானே இருக்கிறது? கொடுத்தவன்தான் கீறியிருப்பான். ஆதன் யாருக்கோ தாய்மாமன். 2023-இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தபிறகு ஒருமுறை போயிருந்தபோது, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று இதை என் மனைவியிடம் விளக்கினேன். "பானை உடைஞ்சுபோச்சு. யாருக்குக் குடுத்தாருன்னும் தெரியலை. ஆதன் பேரு மட்டும் நிக்குது. உங்களுக்கு அதானங்க வேணும்?" என்றாள். இவளையெல்லாம் அகழாய்வுக் குழுவில் சேர்க்கக்கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் காலத்துப் பொருள்களில் எங்கே வெட்டுவது? காதுக்குள் செருகிக்கொள்கிற கருவி கொண்டைக்கடலை அளவில் இருக்கிறது. லேப்டாப் மூடியில் இடம் தாராளம். 'அன்பளிப்பு: தாத்தா, அப்பத்தா, மதுரை' என்று இரண்டு வரியில் அழகாக வரும். கடையில் கேட்டேன். வாரண்டி போய்விடுமாம். தங்கத்தில் வெட்டலாமே என்றால், அரசாங்கம் முந்திக்கொண்டது. 916 முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் ஒன்றையும் நகையில் பொறித்தால்தான் விற்கலாம். 2023 ஏப்ரலிலிருந்து கட்டாயம். செய்த கடையைக் கண்டுபிடிக்கலாம், சோதித்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சேதாரம், செய்கூலி எல்லாம் அழுது வாங்கிக் கொடுத்த தாத்தனைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதுவும் தங்கம் விற்கிற விலையில் என் பென்ஷனுக்கு மூக்குத்தித் திருகாணி வரும். அவளுக்கு மூக்குக் குத்தவில்லை.

நான் தபால் துறையில் இருந்தவன். ஆகவே கிசான் விகாஸ் பத்திரம் நினைவுக்கு வந்தது. பேர் போட இடம் இருக்கிறது, ஜாடை இல்லை. 2011-இல் நிறுத்தி 2014-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 7.5 சதவீத வட்டியில் 115 மாதத்தில் போட்ட பணம் இரண்டு மடங்கு. கணக்குப் போட்டால், அவளுக்கு நாற்பது வயதாக ஐந்து மாதம் இருக்கும்போது கைக்கு வரும். நாற்பதாவது பிறந்தநாளுக்கும் சேர்த்து இப்போதே முடித்த மாதிரி. போனில் சொன்னேன். "சூப்பர் தாத்தா. ஆப் இருக்கா?" என்றாள். அவளுடைய ஒரு மாதச் சம்பளம் இரட்டிப்பாகாமலே அதைவிட அதிகம் என்று மகன் பிறகு தனியாகச் சொன்னான்.

அவனுக்கும் ஒரு யோசனை இருந்தது. "இப்பல்லாம் பொருள் குடுக்கிறதில்லைப்பா. அனுபவம் குடுக்கணும்." மண்பாண்டம் செய்யக் கற்றுத் தருகிறார்களாம், பறக்க விடுகிறார்களாம், முன்பதிவு செய்து அனுப்பினால் போதுமாம். அனுபவத்தை நாங்கள் வீட்டில் உட்கார்ந்து இலவசமாகக் கொடுத்தபோது ஒருத்தரும் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது ஜிஎஸ்டியோடு கொடுக்கவேண்டும்.

பேத்தியிடமே கேட்டுவிடலாம் என்றால், "ஒண்ணும் வேணாம் தாத்தா, நீங்களும் அப்பத்தாவும் வந்தாப் போதும்" என்கிறாள். இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மரியாதையாகத்தான் சொல்கிறாள், பிரியமாகவும் சொல்கிறாள். ஆனால் அது உண்மை, அதுதான் எரிச்சல். அவளுக்கு வேண்டியதை ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்தபடியே வாங்கிவிடுகிறாள். கொத்தமல்லிக் கட்டிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரை வாசலுக்கு வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் ஒரு சைக்கிளுக்கோ கைக்கடிகாரத்துக்கோ ஏங்கி, மாமாவோ தாத்தாவோ மனசுவைத்தால் கிடைக்கும் என்று காத்திருந்த ஜாதி நாங்கள். எனக்கு வேலை கிடைத்தபோது வந்த ஹெச்.எம்.டி. கடிகாரம் இன்னும் ஓடுகிறது, தினம் சாவி கொடுக்கிறேன். நான் வாங்கித் தருவதற்கென்று இந்தப் பெண் எதையாவது பாக்கி வைத்திருக்கவேண்டாமா? கிழவன் கிழவி கொடுக்கட்டும் என்று ஒரு குடையாவது வாங்காமல் விட்டிருக்கக்கூடாதா?

இங்கிலீஷ் தேதிப்படி அவள் பிறந்தநாள் அடுத்த மாதம். அவள் அப்பத்தா அதை ஒப்புக்கொள்வதில்லை. நட்சத்திரப்படி வருகிற திங்கட்கிழமையே என்கிறாள். ஆகவே, வாசகர்களில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். கல்யாண வாடை இருக்கக்கூடாது. சார்ஜர் கேட்கக்கூடாது. அவளிடம் ஏற்கெனவே இருக்கக்கூடாது. ஏதாவது ஒரு மூலையில் ஓர் அங்குலம் இடம் இருந்தால் போதும், என் பேர் சின்னப் பேர்தான். எழுகடல் தெருப் பக்கம் பேர் வெட்டுகிறவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். சனிக்குள் சொல்லிவிடுங்கள்.