சும்மா இருப்பதற்கு வாடகை

இணையத்தில் நடக்கும் டிரா போக்கர் போட்டியைப் பெரிய வஞ்சகர்களின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் அதற்கு இல்லாத கௌரவத்தைக் கொடுக்கிறார்கள். அது பெரும்பாலும் சும்மா இருப்பவர்களின் விளையாட்டு. 52 சீட்டில் ஐந்தைப் பிரித்தால் 25,98,960 விதமான கைகள் வரும். அவற்றில் பாதிக்குச் சற்று மேல், ஒரு ஜோடிகூட இல்லாத வெறுங்கை. இன்னொரு 42 சதவீதத்தில் ஒரே ஒரு ஜோடி. அதுவும் சின்ன எண்ணாக இருந்துவிட்டால் ஆறு பேர் உட்கார்ந்த மேசையில் செல்லாக்காசு. ஆகவே ஒழுங்காக ஆடுபவரின் தலையாய கடமை, ரம்மிக்காரர்கள் ஸ்கூட் விடுவதுபோல் சீட்டைக் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பது. அதற்குத் திண்ணை போதாதா என்றால், திண்ணையில் செலவில்லை. இங்கே பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் ஆள் மாற்றி ஆள் சுற்றி வரும். நேரம் ஆக ஆகத் தொகையும் ஏறும். சும்மா இருப்பதற்கு வாடகை. அதுவும் வீட்டுக்காரரைவிடக் கறாராக ஏற்றுகிற வாடகை.

எதிராளியின் முகமே தெரியாதபோது இதில் என்ன திறமை, எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்பார்கள். போக்கரின் இன்னொரு வகையான டெக்சாஸ் ஹோல்டெமில் நடுவில் விரித்த பொதுச்சீட்டாவது உண்டு. டிராவில் அதுவும் இல்லை. ஆனால் வேண்டாததைக் கொடுத்துப் புதிது வாங்கும்போது எத்தனை சீட்டை மாற்றுகிறார் என்பதை மறைக்க முடியாதே! மூன்று கேட்டால் ஜோடி வைத்திருக்கிறேன் என்று கூவுகிறார். ஒன்று கேட்பவரிடம் இரண்டு ஜோடி இருக்கலாம். அல்லது ஐந்தும் ஒரே இனமாக வரும் ஃபிளஷுக்கு ஒரு சீட்டு குறையலாம். பின்னவருக்குக் கண்ணில் படாத 47 சீட்டில் ஒன்பதுதான் உதவும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை. ஒன்றுமே கேட்காதவரிடம் எல்லாம் இருக்கிறது, அல்லது நெஞ்சழுத்தம் மட்டும் இருக்கிறது. ஐந்தையும் மாற்றுபவர் பெருமாள்மேல் பாரத்தைப் போட்டவர். முகத்தால் பொய் சொல்லக் காசு ஆகாது. ஜோடியை வைத்துக்கொண்டு ஒன்றும் வேண்டாம் என்று பாசாங்கு செய்பவரோ, கை மேம்பட இருந்த 29 சதவீத வாய்ப்பைத் தொலைக்கிறார். பொய்க்கு இப்படி விலை போட்டுப் பார்ப்பது கேலிக்கூத்தல்ல. 1944-ல் வான் நியூமானும் மார்கன்ஸ்டெர்னும் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கர் பொய்க்குக் கணக்கே உண்டு. இணையத்தில் இன்னொரு வசதி. 1876-ல் அமெரிக்காவின் டெட்வுட் ஊரில் போக்கர் ஆடிக்கொண்டிருந்த துப்பாக்கி வீரர் வைல்டு பில் ஹிக்காக்கைப் பின்னாலிருந்து ஒருவன் சுட்டான். இங்கே முதுகுப்பக்கமாக வரக்கூடியது, பால் பொங்குவது தெரியவில்லையா என்ற குரல்தான்.

வலுவான ஆட்சேபம் வேறு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. இங்கே மிச்சம் இலவச சிப்ஸ். இலவசத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்? முதல் கையிலேயே பாதி மேசை மொத்தத்தையும் தள்ளிவிடும். உண்மைதான். ஆனால் அந்த அவசரக்காரர்கள் ஒருவரையொருவர் முடித்துக்கொள்ளும்போது, கவிழ்த்துப் போட்டவர் ஒரு சீட்டும் ஆடாமல் பட்டியலில் மேலே ஏறுகிறார். சிக்கல் கடைசியில்தான். இரண்டு பேர் மட்டும் மிஞ்சியதும் ஒவ்வொரு கைக்கும் வாடகை. இனி ஆடியே தீரவேண்டும், ஆடியோ பழக்கமில்லை. கடைசியில் ராஜா ஜோடியோடு துணிந்து எல்லாவற்றையும் தள்ளுவார். எதிரே இருப்பவர், ஐந்தையும் மாற்றிய அந்தப் பெருமாள் பக்தர். அவருக்கு மூன்று ரெண்டு வந்திருக்கும்.