பூவைத் தொடத் தெரியாதவன்

எனக்குச் சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம். "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால், "வெயில்" என்பேன். குடகுக்கும் மூணாறுக்கும் காசு கட்டிப் போய்ப் பச்சையைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். இந்த ஐப்பசியில் தீபாவளிக்குப் போயிருந்தபோது, தின்ற பலகாரம் செரிக்கட்டும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு விடிகாலையில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துப் பக்கம் நடந்தேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பிழைப்பு. கிளுவை வேலி முழுக்கத் துளிர்த்திருந்தது. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். இத்தனை நாள் இதெல்லாம் எங்கே இருந்தது? இங்கேயேதான். நான்தான் சித்திரை நோம்பிக்கு மட்டும் வந்து, வெயிலைத் திட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

மண்ணின் மைந்தன் என்று காட்டவேண்டாமா? "சாம்பல் மாட்டுக்குப் பக்கத்துல செவப்பா நிக்குதே, அது வேற ஜாதிக் கன்னு" என்று மகளுக்கு விளக்கினேன். மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பணிவாகச் சொன்னார்: "காங்கேயங் கன்னு பொறக்கறப்ப செவப்பாத்தானுங்க இருக்கும். ஆறு மாசத்துல நெறம் மாறிப்போயிரும்." அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பும் வயதை மகள் அங்கேயே கடந்தாள்.

அடுத்தது கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தள் தோட்டம். மஞ்சளும் சிவப்புமாகப் பந்தல் கொள்ளாமல் பூக்கள். வாய்பிளந்து நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெயில் ஏறறதுக்குள்ள முடிக்கோணும்" என்றார் ஓர் அக்கா. இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கிறது. தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் பூப்பூவாக மகரந்தத்தை எடுத்து ஒற்றுகிறார்கள். விதையிலிருந்து மூட்டுவலிக்கு மருந்தாகும் கோல்ச்சிசின் எடுக்கிறார்கள்.

வேலி, யாரோ கிளுவைப் போத்து நட்டு வளர்த்தது. புல், யாரோ மேய்ச்சலை மாற்றி விட்டுக் காத்தது. நான் இயற்கை என்று சொக்கி நின்றதில் பாதி, அடுத்தவர் செய்த வேலை.

வெட்கத்தில், நானும் ஒற்றுகிறேன் என்று ஒரு வரிசை கேட்டு வாங்கினேன். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், நான் ஒற்றிய பூக்களையெல்லாம் அந்த அக்கா மறுபடியும் ஒற்றிக்கொண்டே வருகிறார்.

"ஏனுங்கக்கா, சரியா இல்லையா?"

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. இது சும்மாங்க."