கங்கைக்குப் போகாத கங்கைகொண்டான்

அரியலூருக்கு விமான நிலையம் கிடையாது. பெரம்பலூருக்கும் கிடையாது. இரண்டு மாவட்டமும் பிரிந்து, சேர்ந்து, 2007-ல் மறுபடி தனிக்குடித்தனம் போயின. எல்லாம் நடந்தது, ரன்வே மட்டும் வரவில்லை. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்த வட்டாரத்துக்கு இன்டர்நேஷனல் ரூட் பிடித்துக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. ராஜேந்திர சோழர்!

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கொல்கத்தா நேர்கோட்டில் சுமார் 1,600 கி.மீ. இன்று சென்னையில் ஏறினால் இரண்டேகால் மணி நேரம். 1023 வாக்கில் சோழப் படை கங்கைக்கு நடந்தே போனது. குறுக்கே ஆறு வந்தால்? யானைகளை நிறுத்திப் பாலமாக்கி, அதன்மேல் கடந்தார்களாம். சொல்வது திருவாலங்காட்டுச் செப்பேடு. யானைகளின் தரப்பை யாரும் செதுக்கி வைக்கவில்லை.

வங்காளத்து மன்னன் கோவிந்தசந்திரன் யானையிலிருந்து இறங்கி ஓட்டம் பிடித்தான் என்கிறது ராஜேந்திரரின் கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தி. அந்த நாட்டில் மழை ஓய்வதே இல்லை என்று கூடவே ஒரு வெதர் ரிப்போர்ட். ஜெயித்தவர்களுக்கும் துணி காயவில்லை போலிருக்கிறது!

சரி, நம்மவர் கங்கையில் எந்தப் படித்துறையில் முங்கினார்? அங்கேதான் இருக்கிறது விஷயம். அவர் கங்கைக்குப் போகவே இல்லை! போனது தளபதி. கங்கை நீர்க் குடம் சுமந்தது தோற்ற அரசர்கள். மன்னர் கோதாவரிக் கரையில் காத்திருந்து டெலிவரி எடுத்துக்கொண்டார். கோதாவரி, நேர்கோட்டில் பாதி வழிகூட இல்லை. பட்டம் மட்டும் முழுசு.

வேறு ராஜாவாக இருந்தால் கல்லில் ஒரு வெற்றித்தூண் நட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இவர் கங்கைகொண்ட சோழபுரம் என்று ஒரு புதுத் தலைநகரையே எழுப்பி, பக்கத்தில் கடல் மாதிரி ஏரி வெட்டி, அதில் கங்கையை ஊற்றி, தண்ணீராலேயே வெற்றித்தூண் என்று செப்பேட்டில் போட்டுக்கொண்டார். பெயர் சோழகங்கம். குடத்தில் வந்தது கங்கை, மீதியெல்லாம் மழையும் உள்ளூர் வாய்க்காலும். ஊர்க்காரர்கள் அந்தப் பெரிய பெயரைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டு ‘பொன்னேரி’ என்கிறார்கள்.

அடுத்தது கடாரம், 1025. இன்றைய மலேசியாவின் கெடா. நேர்கோட்டில் சுமார் 2,400 கி.மீ., நடுவில் முழுக்கக் கடல். காற்று திரும்பினால்தான் கப்பல் திரும்பும். டிலே என்றால் மணிக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில். அங்கே சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தார்கள். ஸ்ரீவிஜயத்தின் வித்தியாதர தோரணத்தையும் மணிக்கதவுகளையும் விட்டுவைக்கவில்லை. பேகேஜ் லிமிட் இல்லாத காலம், வாசலையே பெயர்த்துக்கொண்டு வரலாம்!

இதற்காவது நேரில் போனாரா? கடல் நடுவே கலங்களை அனுப்பினார் என்றுதான் அவருடைய மெய்க்கீர்த்தியே சொல்கிறது. ஆனாலும் ‘கடாரம்கொண்டான்’ பட்டம் வந்து சேர்ந்துவிட்டது. வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்து இவ்வளவு பேர் வாங்கியவர் உலகத்தில் வேறு யார்!

இப்போது அதே வட்டாரத்து ஜெயங்கொண்டத்துப் பையன் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே சுமார் நூறு கி.மீ. கடந்து திருச்சி ஏர்போர்ட் சேர்கிறான். நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். இமிகிரேஷன் க்யூவில் கால் கடுக்க நின்று, அங்கிருந்து பஸ் பிடித்துக் கெடாவில் போய் இறங்குகிறான். ராஜேந்திரர் மிதிக்காத மண்ணைச் சொந்தக் காலால் மிதித்தவன். ரெண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறவனுக்குப் பட்டமா சூட்டுகிறார்கள்? “கோடாலித் தைலம் எத்தனை பாட்டில்டா வாங்கியாந்த?”