கிருமிக்குக் குலம் உண்டு, கோத்திரம் உண்டு

அக்கரை மியான்மரின் கரேன் மாநிலம். இக்கரை தாய்லாந்தின் டாக் மாகாணம். நடுவே மோய் ஆறு. கோடையில் பல இடங்களில் இறங்கி நடந்தே கடந்துவிடலாம். அப்படிக் கடந்து வரும் கூலிக்காரனுக்கும் அவன் ரத்தத்தில் வரும் மலேரியாக் கிருமிக்கும் ஒரே மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள்.

கிருமிக்கு ராஜ உபசாரம். விரல் நுனியில் குத்திய ஒரு சொட்டு ரத்தம் போதும், ஆய்வுக்கூடம் பாட்டன் பூட்டன் வரை ஜாதகம் எழுதிவிடும். எந்தக் கிளை, யாருக்குப் பங்காளி, ஒரே உடம்பில் எத்தனை வம்சம் குடித்தனம் நடத்துகிறது, கெல்ச் 13 புரதத்தில் 580ஆவது அமினோ அமிலம் மாறி ஆர்ட்டிமிசினின் மருந்துக்கே தண்ணி காட்டுகிறதா, எல்லாம் அதில் இருக்கும். விரலை நீட்டியவனுக்கோ பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. பூர்வீகம் கேட்டு அவனைத்தான் பிடிக்கிறார்கள்.

ஆய்வாளரை நான் திட்டவில்லை, எச்சரித்தவர்களே அவர்கள்தான். 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் குளோரோகுயின் மருந்தை ஏமாற்றக் கற்ற கிருமியின் வாரிசு, 1970களின் கடைசியில் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது. பிறகு அங்கே செத்தவை பெரும்பாலும் குழந்தைகள். எல்லைக் காட்டில் எவனுக்கோ காய்ச்சல், நமக்கென்ன என்று இருந்ததற்கு உலகம் கட்டிய வட்டி அது.

ஓர் ஊரில் கிருமியின் மரபணு வகைகள் பெருகிக் கிடந்தால், அங்கே கொசு தடையின்றிக் கடிக்கிறது, வம்சங்கள் கலக்கின்றன, மருந்தும் வலையும் போய்ச் சேரவில்லை என்றே பெரும்பாலும் பொருள். 2021 பிப்ரவரியில் மியான்மர் ஜெனரல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். கிராமங்களில் குண்டு விழுந்தது, ஜனம் காட்டுக்குள் ஓடியது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பில் அங்கே 2019இல் 78,000 ஆக இருந்த மலேரியாத் தொற்று, 2022இல் 5,84,000. கரேன், கச்சின், ஷான் என்று மனிதர் பலவிதமாய் இருப்பதைச் சகிக்காத சீருடைக்காரர்கள், கிருமியின் பன்முகத்தன்மையை மட்டும் பாலூட்டி வளர்த்திருக்கிறார்கள்.

எல்லையில் இப்போது அதிகம் வைவாக்ஸ் வகை. கல்லீரலில் பதுங்கிக் கிடந்து மறுபடி எழும். அதை அங்கிருந்து விரட்ட வழக்கமாக 14 நாள் பிரைமாகுயின் விழுங்க வேண்டும். மாத்திரையைக் கொடுத்து, ஒருநாள்கூடத் தவறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார்கள். மூன்றாம் நாள் போலீஸ் லாரி வந்தால், மிச்சம் 11 நாளை எந்தக் கரையில் உட்கார்ந்து விழுங்குவது என்று யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.