ஃபுல் டேங் அண்ணன்

கூட்டத்தில் அவரை அடையாளம் காண இடது முன்கையைப் பார்த்தால் போதும். ஒரு சாண் நீளத்துக்கு மயிரே இல்லாமல் மொழுமொழுவென்று திட்டு தெரியும். தோல் வியாதி இல்லை. சாணை பிடித்த கத்தி கூராகிவிட்டதா என்று சிரைத்துப் பார்த்த இடம் அது. அங்கே மறுபடி முளைப்பதற்குள் அடுத்த கத்தி கூரியரில் வந்து இறங்கிவிடும்.

தொழில் கணினி, குடியிருப்பது சோழிங்கநல்லூரில் 11ஆவது மாடி. மனசு மட்டும் எந்நேரமும் நடுக்காட்டில், அடைமழையில், கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லாத ராத்திரியில் திரிகிறது. அந்த ராத்திரிக்காகத்தான் கத்தி தேடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் மடக்குக் கத்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் தீர்ந்தது. "நடுவுல மடங்குற ஒண்ணை நம்பி நீங்க காட்டுக்குள்ள போவீங்களா?" நாம் காட்டுக்குப் போவதாகச் சொல்லவே இல்லையே என்றால் காதில் விழாது.

அப்புறம் பாடம் ஆரம்பமாகும். தகட்டின் இரும்பு பிடியின் கடைசி வரைக்கும் ஓடியிருக்க வேண்டும்; அதுதான் ஃபுல் டேங். கத்தியை விறகின் தலையில் வைத்து முதுகில் கட்டையால் போட்டுப் பிளக்கும்போது பிடி கழன்று வரக் கூடாது அல்லவா? முதுகின் விளிம்பு மழுங்காமல் செங்கோணமாக நிற்க வேண்டும். தீ மூட்டும் ஃபெரோ கம்பியை அதில் உரசினால்தான் பொறி பறக்கும். இவ்வளவும் உண்மை. ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியாது, அதுதான் சங்கடம்.

தொடக்கத்தில் வாங்கியது ஸ்வீடனில் செய்த மோரா கம்பெனியன். நாலு அங்குலச் சொச்சம், இரண்டரை மில்லிமீட்டர் தடிமன், சுலபத்தில் துருப்பிடிக்காத எஃகு, விலையும் கையைக் கடிக்காது. முகாமில் கத்திக்கு இருக்கிற நூறு வேலையில் தொண்ணூற்றெட்டை அது முடித்துவிடும் என்பது என் கட்சி. அண்ணனும் சந்தோஷமாகத்தான் இருந்தார், அதன் இரும்பு பிடிக்குள் கடைசி வரை போகவில்லை என்று தெரியவந்த நாள்வரை. அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. பிறகு ஸ்வீடன் விமானப்படை விமானிகளுக்கென்று வடிவமைத்த ஃபால்க்னிவன் எஃப்1 வந்தது. அதுவும் மெலிசாகத் தோன்றி, கடைசியில் கா-பாரின் பெக்கர் பிகே2வில் வந்து நின்றிருக்கிறார். கால் அங்குலத் தடிமன், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு, கார்பன் எஃகு.

கார்பன் எஃகுக்கும் சென்னைக் கடற்காற்றுக்கும் ஜென்மப் பகை. வாரம் தவறாமல் உறையிலிருந்து எடுத்து, துடைத்து, எண்ணெய் தடவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "அப்படியே தலை துவட்டி சாம்பிராணியும் போட்டுருங்க" என்பார் அண்ணி.

சட்டமும் அத்துப்படி. தகடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுத விதிகளின் கணக்கில் வரும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு விலக்கு, தன்னுடையது ஐந்தே கால்தான். போலீஸ் மறித்தால் சொல்ல இவ்வளவையும் ஒப்பித்து வைத்திருக்கிறார். எந்த போலீஸ்காரரும் இன்னும் அந்தப் பாக்கியத்தைத் தரவில்லை.

இத்தனை ஆயத்தத்தோடு போவது எங்கே? காப்புக்காட்டுக்குள் தீ மூட்ட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் மாண்ட பிறகு வனத்துறை கெடுபிடியை இறுக்கியது, இறுக்காவிட்டால்தான் தப்பு. ஆகவே கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, காசு கொடுத்துத் தங்கும் தனியார் கூடாரம். அங்கே விறகை ஏற்கெனவே பிளந்து அடுக்கி வைத்திருப்பார்கள். அண்ணனின் முகம் விழுந்துவிடும். பிளக்காத கட்டை ஒன்றாவது கிடைக்குமா என்று இடத்தைச் சுற்றிவந்து, கிடைக்காமல், பிளந்ததையே மேலும் பிளந்து பல்குச்சி அளவுக்குக் கொண்டுவருவார். பிறகு மண்டியிட்டுப் பொறி பறக்கவிடுவார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த முகாம் பையன், "சார், கொஞ்சம் தள்ளுங்க" என்று ஒரு கரண்டி மண்ணெண்ணெய் ஊற்றித் தீக்குச்சி கிழிப்பான்.

இனி மிச்சமிருப்பது வெங்காயம். கால் அங்குலத் தகடு அதில் ஆப்பு மாதிரிதான் இறங்கும். வெங்காயம் நறுங்காது, படாரென்று பிளந்து ஒரு பாதி புல்லில் உருண்டோடும். சமையல்கார அம்மா அதைப் பொறுக்கி, கழுவி, சந்தையில் வாங்கிய மெல்லிசுக் கத்தியால் கண நேரத்தில் அரிந்து முடிப்பார்.

வெங்காயம் போகட்டும். ஒரு தடவை முகாமின் பின்பக்கம் பெரியவர் ஒருவர் பலாக்கிளையை அரிவாளால் கழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அண்ணன் சிலிர்த்துவிட்டார். கேட்டு வாங்கி, கட்டை விரலால் கூரைத் தடவி, முதுகைக் கண்ணருகில் பிடித்து, சுண்டிச் சத்தம் கேட்டார்.

"ஐயா, இது என்ன ஸ்டீல்?"

"லாரி பட்டை தம்பி. கீழ கொல்லப்பட்டறையில அடிச்சது."

வில்பட்டை! அதைத்தான் 5160 என்று எண் போட்டு வெளிநாட்டுக்காரர்கள் விற்கிறார்கள், நானே ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன் என்று எங்களிடம் மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கோடு பெரியவர் பக்கம் திரும்பினார்.

"ராக்வெல் அம்பத்தெட்டு வருமா ஐயா?"

பெரியவர் அரிவாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அம்பத்தெட்டுக்கெல்லாம் வராது தம்பி. பிடி போட்டு அறுநூறு ஆகும்."